பிறகு அவர் என்ன செய்தார்?

மார்த் கோதியேயின் கதையை நான் வகுப்பறைகளில் பலமுறை சொல்லியிருக்கிறேன். சொல்வதற்கு வசதியான கதை. உழைப்பு, திருட்டு, ஐம்பதாண்டு மௌனம், கடைசியில் கொஞ்சம் நீதி என்று தானாகவே அடுக்கிக்கொள்ளும். பெண்களின் உழைப்பு ஆண்களின் பெயரில் எப்படிப் பதிவாகிறது என்பதை விளக்க இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம். கோதியே பிரெஞ்சுக் குழந்தை மருத்துவர். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளின் செல்களில் 46-க்குப் பதில் 47 குரோமோசோம்கள் இருக்கின்றன என்பதைக் காட்டிய ஆய்வு அவர் உருவாக்கிய ஆய்வகத்தில், அவர் வளர்த்தெடுத்த செல்களை வைத்து நடந்தது. புகழ் ஜெரோம் லெஜூனுக்குப் போனது. இவ்வளவையும் இருபது நிமிடத்தில் சொல்லிவிடலாம். மாணவிகளுக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் பாடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நானும் நினைத்துக்கொள்வேன்.

ஒருமுறை கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: “அதுக்கப்புறம் அவங்க என்ன பண்ணாங்க மேம்?”

என்னிடம் பதில் இல்லை. “குழந்தை மருத்துவத்துக்கே திரும்பிப் போயிட்டாங்க” என்று ஒரே வரியில் சமாளித்தேன். அந்தக் கண்டுபிடிப்பு அச்சேறிய 1959 ஜனவரியில் கோதியேவுக்கு வயது 33. அவர் இறந்தது 2022-இல், 96 வயதில். இடையிலிருந்த அறுபத்து மூன்று ஆண்டுகளை ஒரு வரியில் மூடிவிட்டு, வரலாறு பெண்களை மறைக்கிறது என்று நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணின் கேள்விக்கு நான் தேடிக்கொண்ட பதில்தான் இந்தக் கட்டுரை. ‘மறக்கப்பட்ட பெண்’ என்ற தலைப்பில் நாம் எழுதிவரும் கதைகள் மீதான என் விமர்சனமும் இதுவே. அந்த விமர்சனத்தில் முதல் குற்றவாளி நான்தான்.

வழக்கமான கதையிலிருந்தே தொடங்குகிறேன். அது பொய்யில்லை. ஆனால் அதன் விவரங்கள் முக்கியம்.

பாரிசுக்குக் கிழக்கே சேன்-எ-மார்ன் பகுதியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் 1925-இல் பிறந்தவர் கோதியே. ஏழு பிள்ளைகளில் ஐந்தாவது. அக்கா போலெத் பாரிசில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தார். 1942-இல், நகரம் ஜெர்மானியர் பிடியில் இருந்தபோது, தங்கையும் அங்கே போய்ச் சேர்ந்தார். ஒரு பெண் மேலே வர வேண்டுமென்றால் ஆணைவிட இரண்டு மடங்கு திறமை காட்ட வேண்டியிருக்கும் என்று அக்கா சொல்லிவைத்ததைக் கோதியே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1944-இல் பாரிஸ் விடுதலை பெற்ற நாட்களில், பின்வாங்கிக்கொண்டிருந்த ஜெர்மன் படையினர் போலெத்தைக் கொன்றுவிட்டார்கள். தங்கை படிப்பை விடவில்லை. பாரிஸ் மருத்துவமனைகளில் பயிற்சி மருத்துவராவதற்கான கடுமையான போட்டித் தேர்வில் தேறினார். ஏறத்தாழ எண்பது பேர் கொண்ட அந்த அணியில் பெண்கள் இருவர் மட்டுமே. பிறகு நான்காண்டுகள் குழந்தை மருத்துவப் பயிற்சி. தொண்டைப் புண்ணில் தொடங்கிக் குழந்தையின் இதயத்தைச் சிதைக்கும் ருமாட்டிக் காய்ச்சல் பற்றி, பேராசிரியர் ரொபேர் தெப்ரேயின் வழிகாட்டலில் 1955-இல் ஆய்வேட்டை முடித்தார்.

தெப்ரே அவரை ஓராண்டு உதவித்தொகையில் ஹார்வர்டுக்கு அனுப்பிவைத்தார். போன வேலை குழந்தைகளின் இதய நோய். அங்கே எதிர்பாராத விதமாகச் செல் வளர்ப்பு ஆய்வகம் ஒன்றில் பகுதிநேரத் தொழில்நுட்பப் பணியும் சேர்ந்துகொண்டது. மனிதத் திசுவின் ஒரு துணுக்கைக் கண்ணாடிக் கலத்தில் வைத்து, ஊட்டம் கொடுத்து, கிருமி தொற்றாமல் காத்து, செல்கள் பெருகும்வரை பொறுத்திருக்கும் வேலை. மருத்துவப் பட்டம் பெற்ற ஒருவர் சாதாரணமாகக் கற்றுக்கொள்ளாத கைவேலை அது. கோதியே கற்றுக்கொண்டார்.

1956-இல் ஊர் திரும்பியபோது அவருக்கென்று பேசிவைத்திருந்த குழந்தை இதயவியல் பணியிடம் வேறொருவருக்குப் போயிருந்தது. காலியாக இருந்தது பாரிசின் த்ருசோ மருத்துவமனையில், ரேமோன் துர்பேனின் பிரிவில் ஓர் இடம். டவுன் சிண்ட்ரோம் துர்பேனின் நெடுநாள் ஆய்வுப்பொருள். ‘மங்கோலிசம்’ என்ற இனவாதப் பெயரால் அப்போது அழைக்கப்பட்ட அந்த நிலைக்குக் குரோமோசோம் கோளாறு காரணமாக இருக்கலாம் என்று 1930-களிலேயே ஊகித்தவர்களில் அவரும் ஒருவர். டச்சு மருத்துவர் வார்டன்பர்க் 1932-இலேயே இதைச் சொல்லியிருந்தார். ஆனால் ஊகத்தைச் சோதிக்க வழியில்லை. மனிதனுக்கு 48 குரோமோசோம்கள் என்றுதான் உலகம் நம்பிக்கொண்டிருந்தது. 1956-இல் ஜோ ஹின் ஜியோவும் ஆல்பர்ட் லெவானும் சுவீடனிலிருந்து சரியான எண்ணிக்கையை வெளியிட்டார்கள்: 46. இனி எண்ணிப் பார்க்கலாம். ஆனால் எண்ணுவதற்குச் செல்கள் வேண்டும். செல்களை வளர்க்கத் தெரிந்தவர் வேண்டும். ஒரு அறை கொடுத்தால் நான் செய்கிறேன் என்றார் கோதியே.

அறை கிடைத்தது. அதில் ஒரு குளிர்சாதனப் பெட்டி, ஒரு சென்ட்ரிஃபியூஜ், ஒரு காலி அலமாரி, திறன் குறைந்த ஒரு நுண்ணோக்கி. பணம் கிடையாது. கண்ணாடிக் கலங்களைத் தன் பெயரில் கடன் வாங்கி வாங்கினார். செல்கள் ஒட்டி வளர்வதற்குப் பிளாஸ்மா வேண்டும். அதற்காக ஒரு சேவலை வளர்த்து அதன் ரத்தத்தை எடுத்தார். மனித ரத்தத்தின் சீரம் வேண்டும். தன் கையிலிருந்தே எடுத்துக்கொண்டார். முட்டைகளிலிருந்து கோழிக்கருவின் சாறு எடுத்தார். அறுவை சிகிச்சைக்கு வந்த குழந்தைகளின் இணைப்புத் திசுத் துணுக்குகளை வளர்த்து, முதலில் சாதாரணச் செல்களில் 46 என்று எண்ணி உறுதி செய்துகொண்டார். பிறகு 1958-இல் டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு குழந்தையின் திசு. எண்ணிக்கை 47.

அவருடைய நுண்ணோக்கியில் படம் எடுக்க முடியாது. துர்பேனின் மாணவரும் அந்த ஆய்வகத்துக்கு அடிக்கடி வந்துபோனவருமான லெஜூன், வேறிடத்தில் படம் எடுத்துத் தருவதாகச் சொல்லி ஸ்லைடுகளை வாங்கிப் போனார் என்பது கோதியேயின் வாக்குமூலம். அந்தப் படங்களைத் தான் பார்க்கவே இல்லை என்றும், அதே ஆண்டு லெஜூன் மான்ட்ரியலில் இந்த முடிவைப் பேசியது தனக்குத் தெரியாது என்றும், கட்டுரை வெளிவரப்போவதே கடைசி நேரத்தில்தான் தெரிந்தது என்றும் அவர் எழுதினார். 1959 ஜனவரி 26 தேதியிட்ட பிரெஞ்சு அறிவியல் கழகக் குறிப்பேட்டில் லெஜூனின் பெயர் முதலில், துர்பேனின் பெயர் கடைசியில். இடையில் கோதியேயின் பெயர். அதுவும் தப்பாக: மார்த் என்பதற்குப் பதில் மரி, குடும்பப் பெயரிலும் எழுத்துப்பிழை.

பிறகு நடந்தது தெரிந்ததே. 1962-இல் அமெரிக்காவின் கென்னடி அறக்கட்டளைப் பரிசு, 1964-இல் பாரிஸ் மருத்துவக் கல்லூரியில் மரபியல் பேராசிரியர் பதவி, 1969-இல் வில்லியம் ஆலன் விருது என லெஜூன் உயர்ந்துகொண்டே போனார். கோதியே குரோமோசோம்களை விட்டு விலகினார்.

இதுவரை சொன்னது நான் வகுப்பில் சொல்லும் கதை. இதைக் கேட்டவுடன் எழும் முதல் எதிர்வாதம், “அந்தக் காலம் அப்படி” என்பது. இதற்கு அதே ஆண்டிலேயே பதில் இருக்கிறது. எடின்பரோவில் பெட்ரீஷியா ஜேக்கப்ஸ் என்ற இளம் ஆய்வாளர், ஆண்களில் ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருக்கும் நிலையை 1959 ஜனவரியிலேயே நேச்சர் இதழில் முதல் ஆசிரியராக வெளியிட்டார். சில மாதங்களில் டவுன் சிண்ட்ரோமின் கூடுதல் குரோமோசோமையும் அவருடைய குழு தனியாக உறுதி செய்தது. அந்தக் கட்டுரையிலும் அவர் பெயர்தான் முதலில். அவர் அதே துறையில் நிலைத்து, 1993-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அவருக்குப் பின்னால் மருத்துவ ஆராய்ச்சிக்கென்றே அரசு நிதியில் நடந்த ஒரு நிறுவனம் இருந்தது. கோதியேவுக்கு இருந்தது ஒரு காலி அலமாரியும் ஒரு சேவலும். இரண்டு பெண்கள், ஒரே காலம், ஒரே கேள்வி. காலத்தின் மீது பழிபோட்டுவிட்டால் பணமும் பதவியும் யார் கையில் இருந்தன என்று கேட்காமல் தப்பித்துவிடலாம்.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் நுட்பமானது. செல்களை வளர்த்தது தொழில்நுட்பம். 47 என்பதன் பொருளைக் கண்டது அறிவியல். எனவே கண்டுபிடித்தவர் லெஜூனே என்பது. அவர் தரப்பினர் அவருடைய குறிப்பேடுகளையும் கடிதங்களையும் முன்வைக்கிறார்கள். அவர் எண்ணினார், படங்களை ஆராய்ந்தார், வெளியிட்டார் என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்த வாதத்தின் அடியில் நமக்கு நன்றாகப் பழக்கமான ஒரு பிரிவினை இருக்கிறது: கை வேலை ஒன்று, மூளை வேலை ஒன்று. கையில் செய்வது தயாரிப்பு, பேச்சில் சொல்வது படைப்பு. சமைப்பது கடமை, சமையல் குறித்து மேடையில் பேசுவது கலை. செல் வளர்ப்பில் இந்தக் கோடு செல்லாது. எந்தத் திசு வளரும், எத்தனை நாளில் செல்கள் பிரியும் நிலைக்கு வரும், உப்புச்செறிவு குறைந்த நீரை எவ்வளவு நேரம் கொடுத்தால் குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் விரியும் என்பதெல்லாம் தீர்மானங்கள். ஒவ்வொன்றிலும் தவறு நேர்ந்தால் எண்ணிக்கை தவறும். முதலில் சாதாரணக் குழந்தைகளின் செல்களில் 46-ஐ நிறுவிக்கொண்ட பிறகே அடுத்த அடி வைத்தது கையின் வேலையா, மூளையின் வேலையா? உலகம் பல்லாண்டு 48 என்று நம்பியதே இந்தக் கைவேலை சரியாக அமையாததால்தான்.

பிரான்சின் தேசிய மருத்துவ ஆய்வு நிறுவனமான இன்செர்மின் அறநெறிக் குழு 2014 செப்டம்பரில் இதைப் பரிசீலித்தது. துர்பேனும் கோதியேயும் இல்லாமல் இந்தக் கண்டுபிடிப்பு நடந்திருக்காது என்றும், லெஜூனின் பங்கு மேலோங்கியதாக இருந்திருக்க வாய்ப்பு குறைவு என்றும் அது கருத்துச் சொன்னது. அளந்து சொல்லப்பட்ட கருத்து. எனக்கு அது போதுமானதாகவே படுகிறது.

ஆனால் அந்தக் கருத்து துர்பேனின் பெயரையும் சொல்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். நம் கதைகளில் துர்பேன் எப்போதும் பின்னணியில் நிற்கும் ஒரு வயதான பேராசிரியர். பணமில்லாத அறையைக் கொடுத்தவர் அவர். பெயர் வரிசை அவருக்குத் தெரியாமல் அச்சேறியிருக்காது. அந்த மருத்துவமனை அமைப்பில் துறைத்தலைவரின் சொல்லே சட்டம். ஆனாலும் நமக்கு ஒரு வில்லன் போதும். லெஜூனை வில்லனாக்கியதும் அமைப்பு கதையிலிருந்து நழுவிவிடுகிறது. ஒரு கெட்ட மனிதனிடம் மாட்டிக்கொண்ட நல்ல பெண்ணின் கதையாக அது சுருங்கிப்போகிறது. லெஜூன் இன்னும் கண்ணியமானவராக இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்ற எண்ணத்தோடு மாணவி வகுப்பை விட்டுப் போகிறாள். அவள் நாளை ஒரு ஆய்வகத்தில் சேரும்போது அந்த எண்ணம் அவளுக்கு உதவாது.

கதையிலிருந்து நழுவியவர்கள் வேறு சிலரும் உண்டு. 1959 மார்ச்சில் வெளிவந்த அடுத்த கட்டுரை ஒன்பது குழந்தைகளின் குரோமோசோம்களை விவரித்தது. அந்த ஒன்பது பேரின் தோலுக்கடியிலிருந்து எடுத்த துணுக்குகளின்மேல்தான் இந்தப் பெயர்ச்சண்டை முழுவதும் நடக்கிறது. அவர்களுடைய பெயர் எந்த வரிசையிலும் இல்லை. அவர்களுடைய தாய்மார்களும் இல்லை. அதற்கு முந்தைய பல பத்தாண்டுகளாக இந்தக் குழந்தைகள் பிறப்பதற்குப் பெற்றோரின் குடி, மேக நோய், காசநோய், கருப்பையின் களைப்பு என்று மருத்துவம் பலவற்றைக் காரணம் சொல்லிவந்தது. குழந்தையிடம் ஒரு வேறுபாடு தெரிந்தால் முதலில் தாயின் வயிற்றை விசாரிக்கும் பழக்கம் நமக்கும் புதிதில்லை. 47 என்ற எண்ணிக்கை அந்தப் பழிகள் பலவற்றை ஒரே நாளில் பொருளற்றவையாக்கியது. ஒரு செல் பிரியும்போது நேர்ந்த தற்செயல் அது. யாருடைய பாவமும் இல்லை. ஆனால் கூடுதல் குரோமோசோம் பெரும்பாலும் தாயின் முட்டையிலிருந்தே வருகிறது என்று பின்னர் தெரிந்தபோது, தாயின் வயது என்ற பெயரில் பழைய விசாரணை புதிய உடையில் திரும்பி வந்தது. இந்தக் கண்டுபிடிப்பு பெண்களுக்கு என்ன செய்தது என்பது, அதில் ஒரு பெண்ணின் பெயர் எந்த இடத்தில் இருந்தது என்பதைவிடக் குறைந்த கேள்வியில்லை. நம் பெண்ணியக் கட்டுரைகள் இரண்டாவதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கின்றன.

கோதியே ஐம்பதாண்டுகள் ஏன் பேசவில்லை என்பதும் வகுப்பில் வரும் கேள்வி. மரபியல் வரலாற்றை எழுதிவந்த பிரிட்டிஷ் மருத்துவர் பீட்டர் ஹார்ப்பர் போன்றவர்கள் அவரைத் தேடிப் போனார்கள். 2009-இல், கண்டுபிடிப்பின் பொன்விழா ஆண்டில், கோதியே தன் நினைவுகளை ஒரு பிரெஞ்சு மருத்துவ இதழில் எழுதினார். அப்போது அவருக்கு வயது 83. துணிச்சல் அப்போதுதான் வந்தது என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம். எனக்கு இப்போது வேறுவிதமாகப் படுகிறது. கேட்பதற்கு ஆள் வந்தபோது அவர் சொன்னார். அதுவரை அவருக்கு வேறு வேலை இருந்தது.

அந்த வேலைக்குப் போகும் முன் 2014-ஐயும் சொல்லிவிட வேண்டும். அந்த ஆண்டு ஜனவரி இறுதியில், போர்தோ நகரில் நடந்த மனித மரபியல் மாநாட்டில் கோதியேவைக் கௌரவித்துப் பேச அழைத்திருந்தார்கள். அவருக்கு 88 வயது. லெஜூனின் பெயரில் இயங்கும் அறக்கட்டளை, அவர் பேச்சைப் பதிவு செய்ய நீதிமன்ற அனுமதி பெற்று அலுவலர்களை அனுப்பியது. வழக்கு வந்துவிடும் என்று அஞ்சிய அமைப்பாளர்கள் பேச்சை ரத்து செய்தார்கள். விருது கூட்டமில்லாத இடத்தில் கொடுக்கப்பட்டது.

ஏன் இவ்வளவு பதற்றம்? லெஜூன் வெறும் அறிவியலாளராக இறக்கவில்லை. கருக்கலைப்பை எதிர்த்த முன்னணிக் கத்தோலிக்கக் குரல்களில் ஒருவர் அவர். போப்பாண்டவர் அமைத்த உயிர்காப்புக் கழகத்தின் முதல் தலைவர். அவரைப் புனிதராக்கும் நடைமுறை 2007-இல் தொடங்கியது. டவுன் சிண்ட்ரோமைக் கண்டுபிடித்தவரே அக்குழந்தைகளின் காவலர் என்ற பிம்பத்துக்குக் கண்டுபிடிப்பு முழுமையாக அவருடையதாக இருக்க வேண்டியிருக்கிறது. இந்த இடத்தில் நமக்கும் ஒரு ஆசை வருகிறது: கருக்கலைப்பு உரிமையை எதிர்த்தவரிடமிருந்து கிரீடத்தைப் பிடுங்கி ஒரு பெண்ணின் தலையில் வைத்துவிடலாமே என்று. எனக்கும் வந்தது. அது தவறு என்று இப்போது நினைக்கிறேன். கருவைச் சுமப்பதா வேண்டாமா என்பதைப் பெண் முடிவு செய்யும் உரிமை, 1958-இல் ஸ்லைடை யார் எண்ணினார் என்பதைப் பொறுத்ததில்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒருவர் மதிப்போடு வாழும் உரிமையும் அதைப் பொறுத்ததில்லை. இந்த இரண்டு உரிமைகளையும் ஒருசேரப் பிடித்துக்கொள்வது கடினமான வேலை. அதை நாம்தான் செய்ய வேண்டும். கோதியேவை ஆயுதமாக்கிச் செய்ய முடியாது. அப்படிச் செய்தால் அவர் மறுபடியும் லெஜூனின் கதையில் ஒரு பாத்திரமாகிவிடுவார்.

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன்.

கோதியே குழந்தைகளின் இதய நோய்க்குத் திரும்பினார். 1966-இல், பாரிசின் தெற்கு எல்லையில் உள்ள பிசேத்ர் மருத்துவமனையில் குழந்தைகளின் ஈரல் நோய்க்கான பிரிவை வளர்த்துக்கொண்டிருந்த டானியேல் அலாஜில், ஈரல் திசுக்களை ஆராயும் பிரிவொன்றை உருவாக்கி நடத்த அவரை அழைத்தார். மீண்டும் ஒரு குழந்தையின் திசுத் துணுக்கு, மீண்டும் நுண்ணோக்கி. இம்முறை பிரிவு அவருடையது. இன்செர்மில் ஆய்வு இயக்குநராகவும் உயர்ந்தார்.

பிறந்து சில வாரங்களாகியும் மஞ்சள் காமாலை போகாத குழந்தைகள் அங்கே வருவார்கள். மலம் வெளுத்துப் போகும். ஈரலிலிருந்து பித்தநீர் இறங்கும் குழாய் அடைபட்டுக் கருகிக்கொண்டிருக்கும். ஜப்பானிய அறுவை மருத்துவர் கசாய் 1959-இல் விவரித்த ஒரு அறுவை சிகிச்சையைச் சீக்கிரமே செய்தால் அவர்களில் பலரைக் காப்பாற்ற முடியும். ஆனால் ஈரலுக்குள் இருக்கும் வேறு கோளாறுகளும் இதேபோலத்தான் தோன்றும். அவற்றுக்கு அறுவை தேவையில்லை. எது எது என்று சொல்ல வேண்டியது திசுவைப் பார்ப்பவர். 1981-இல் கோதியே, எலியோ என்ற சக ஆய்வாளருடன் சேர்ந்து, இப்படி அடைபட்ட பித்தக் குழாய்களின் 98 எச்சங்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்து அவற்றை மூன்று வகைகளாகப் பிரித்துக் கட்டுரை எழுதினார். கட்டுரையின் முதல் பெயர் கோதியே. எழுத்துப்பிழை இல்லை.

அதற்கு முன், 1975-இல், அலாஜிலும் கோதியேயும் மற்ற இருவரும் சேர்ந்து 15 குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். ஈரலுக்குள் பித்தக் குழாய்கள் குறைவு, தனித்துத் தெரியும் முகத்தோற்றம், முதுகெலும்பில் மாற்றம், இதயத்தில் முணுமுணுப்பு, மந்தமான வளர்ச்சி. தனித்தனியாகப் பார்த்தால் ஐந்து மருத்துவர்களிடம் ஐந்து நோய்களாகப் போயிருக்கும். அவர்கள் அதை ஒரே மரபு நிலையாகப் பார்த்தார்கள். அது இன்று அலாஜில் சிண்ட்ரோம் என்று அழைக்கப்படுகிறது. 1997-இல் அதற்குக் காரணமான ஜாக்1 என்ற மரபணு, 20-ஆவது குரோமோசோமில் கண்டுபிடிக்கப்பட்டது.

இதைப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். குழந்தை மரபு மருத்துவத்தில் கோதியேயின் பணி 1959-இல் முடியவில்லை. டவுன் சிண்ட்ரோமைப் போலவே இன்றும் எந்தக் குழந்தை மருத்துவ நூலிலும் இடம்பெறும் இன்னொரு மரபு நிலையின் விவரணையிலும் அவர் பெயர் இருக்கிறது. அதைப் பற்றி நான் ஒருமுறையும் பேசியதில்லை. ஏனென்றால் அதில் யாரும் எதையும் திருடவில்லை. திருட்டு இல்லாத இடத்தில் என்னைப் போன்றவர்களுக்குக் கதை கிடைப்பதில்லை.

பெண் அறிவியலாளர்களின் பணி ஆண்களின் கணக்கில் எழுதப்படுவதற்கு வரலாற்றாசிரியர் மார்கரெட் ரோசிட்டர் 1993-இல் ‘மெட்டில்டா விளைவு’ என்று பெயரிட்டார். தேவையான பெயர். இழப்பை அளக்க அது உதவியது. கோதியேயின் நியாயத்துக்கும் உதவியது. ஆனால் இழப்பை அளக்கும் கோலை வைத்து வாழ்க்கையை அளக்க முடியாது. அந்தக் கோலை மட்டும் கையில் வைத்திருந்தால், ஒரு பெண்ணின் வாழ்வில் ஆண் குறுக்கிட்ட இடம் மட்டுமே நம் கண்ணில் படும். அவள் நாற்பதாண்டுகள் செய்த வேலை, எடுத்த முடிவுகள், சரியான சகாக்களோடு உழைத்த காலம் எல்லாம் பின்குறிப்பாகிவிடும். கோதியேவை 1959-இல் ஒரு கட்டுரையின் நடுவில் தப்பான பெயரோடு நிறுத்தினார்கள். அவரைப் பாராட்டிய நாம் அதே ஆண்டிலேயே அவரை நிறுத்திவைத்திருக்கிறோம்.

இதைச் சொல்லும்போது ஒரு ஆபத்தும் உண்டு. “பார், அவர் நன்றாகத்தான் வாழ்ந்தார், திருட்டால் ஒன்றும் குறையவில்லை” என்று யாராவது சொல்லக்கூடும். குறைந்தது. கடன் வாங்கிக் கட்டிய ஆய்வகத்தைத் தொடர்ந்து நடத்தும் வாய்ப்பு போயிற்று. அந்த நிதியும் பேராசிரியர் பதவியும் அவருக்குக் கிடைத்திருந்தால் என்ன கண்டிருப்பார் என்பதை யாராலும் சொல்ல முடியாது. அநீதி அநீதிதான். ஆனால் அவர் அந்த அநீதி மட்டுமே இல்லை.

அவருடைய பணிவாழ்வை இப்போது ஒரே கோட்டில் வைத்துப் பார்க்கிறேன். ருமாட்டிக் காய்ச்சல், செல் வளர்ப்பு, குரோமோசோம், இதயம், ஈரல். வெளியிலிருந்து பார்த்தால் இடம் கிடைக்காமல் ஒரு துறையிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டே இருந்தவர் போலத் தெரியும். உள்ளே ஒரே பழக்கம் இருக்கிறது: நோயுற்ற குழந்தையின் உடலிலிருந்து ஒரு துணுக்கை எடுத்துப் பொறுமையாகப் பார்ப்பது, எண்ணுவது, வகைப்படுத்துவது, அந்த அறிவைக் குழந்தையின் படுக்கையருகே கொண்டுபோய்ச் சேர்ப்பது. மருத்துவராகவும் ஆய்வாளராகவும் ஒருசேர இருப்பது என்றால் அதுதான். பாஸ்டனில் பகுதிநேரத் தொழில்நுட்பப் பணியாக வந்து சேர்ந்ததை இழிவாகக் கருதாமல் கற்றுக்கொண்டதால்தான் அது அவருக்கு வாய்த்தது.

அந்த மாணவியை நான் பிறகு பார்க்கவில்லை. ஆனால் இப்போது வகுப்பில் இந்தக் கதையை 1975-இலிருந்து தொடங்குகிறேன். மஞ்சள் பூத்த கண்களோடு ஒரு குழந்தை, அதன் ஈரல் துணுக்கு, நுண்ணோக்கியில் குனிந்திருக்கும் ஐம்பது வயதுப் பெண். இவர் யார், எப்படி இங்கே வந்தார் என்று கேட்டுவிட்டுப் பின்னோக்கிப் போகிறேன். சேவலும் வருகிறது, கடனும் வருகிறது, தப்பாக அச்சான பெயரும் வருகிறது. மாணவிகளுக்கு இப்போதும் கோபம் வருகிறது. ஆனால் மணியடித்த பிறகு அவர்கள் என்னிடம் வந்து கேட்பது லெஜூனைப் பற்றியில்லை; செல் வளர்ப்பை எங்கே கற்றுக்கொள்ளலாம் என்று.